டப்பெட் சத்தம்

பழைய மோட்டார் வண்டியை வீட்டில் வைத்துப் பேணுவோர்க்கு அதன் எஞ்சினிலிருந்து எழும் 'டிக், டிக்' என்னும் ஓசை புதிதன்று. தையல் இயந்திரம் ஓடுவது போன்ற அந்த ஓசை சிலருக்கு இன்பம், சிலருக்குத் தலையிடி. அண்மையில் நண்பர் ஒருவர் தமது தந்தையார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் வண்டியைப் புதுப்பிக்க எண்ணி எம்மிடம் யோசனை கேட்டார். "எஞ்சினைப் பிரிக்கத்தான் போகின்றோம், இந்தச் சத்தம் ஒழியும்படி ஹைட்ரோலிக் டப்பெட்டுகளைப் போட்டுவிட்டால் என்ன?" என்பது அவர் கேள்வி. இவ்வெண்ணம் வேறு பலருக்கும் எழக்கூடும். ஆதலின் விடையை இங்கே விரிவாக எழுதுகின்றோம்.

எஞ்சினுள் கேம் தண்டு சுழலும்போது அதன் மேடு டப்பெட்டை உயர்த்துகின்றது. டப்பெட் தள்ளுகோலை உயர்த்த, அது றொக்கர் கையை அசைத்து வால்வைத் திறக்கின்றது. உலோகம் சூடேறினால் நீளும் என்பதை மாணவர் அறிவர். அந்த நீட்சிக்கு இடங்கொடுக்கும் பொருட்டு, திண்ம டப்பெட் உள்ள எஞ்சினில் றொக்கருக்கும் வால்வுக்கும் நடுவே சிறு இடைவெளி விடுவர். மொறிஸ் மைனரில், எஞ்சின் குளிர்ந்திருக்கையில், இஃது 0.012 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர். றொக்கர் இவ்விடைவெளியைக் கடந்து வால்வைத் தொடும்போது பிறப்பதே அந்த ஓசை.

ஹைட்ரோலிக் டப்பெட்டின் உள்ளே ஒரு சிறு பிஸ்டனும், வில்லும், எண்ணெயை உள்ளே விட்டுத் திரும்பவிடாத ஓர் அடைப்பும் உண்டு. எஞ்சினின் எண்ணெய் அழுத்தத்துடன் உள்ளே புகுந்து இடைவெளியை நிரப்பிவிடும். அடைபட்ட எண்ணெய் எளிதிற் சுருங்காது. ஆதலால் டப்பெட் திண்மம்போல் நின்று வால்வைத் திறக்கின்றது. இடைவெளி இல்லை, எனவே ஓசையும் இல்லை, அடிக்கடி அளந்து சரிசெய்யும் வேலையும் இல்லை. எண்ணெயைக் கொண்டு இடைவெளியை ஒழிக்கும் ஏற்பாடு 1930ஆம் ஆண்டிலேயே 16 சிலிண்டர் கடிலாக் வண்டியில் இருந்தது.

அப்படியாயின் எல்லோரும் ஏன் அதனையே கொள்ளவில்லை? 1965ஆம் ஆண்டின் அமெரிக்க செவ்ரொலே கோர்வெற் வண்டி இதற்கு நல்ல சான்று. அதன் 327 கன அங்குல எஞ்சினை இரு வகையாகவும் வாங்க முடிந்தது. ஹைட்ரோலிக் டப்பெட் கொண்டது நிமிடத்துக்கு 5,800 சுற்றில் 350 குதிரைவலு தந்தது. திண்ம டப்பெட்டும் அதற்குரிய வேறு கேம் தண்டும் கொண்டது 6,200 சுற்றில் 365 குதிரைவலு தந்தது. சுற்று மிக மிஞ்சும்போது வால்வின் வில் ஈடுகொடுக்க மாட்டாது. அப்போது ஏற்படும் வெற்றிடத்தையும் ஹைட்ரோலிக் டப்பெட் எண்ணெயால் நிரப்பிவிட்டால், வால்வு மூட முடியாமல் நிற்கும். திண்ம டப்பெட்டில் இக்குறை இல்லை. அந்தப் பதினைந்து குதிரைவலுவுக்கு ஈடாக, உடையவர் அளவுகோலும் கையுமாக எஞ்சினருகே குனிய வேண்டியிருந்தது.

ஆகவே, இரண்டுக்கும் இடமுள்ள எஞ்சினில், அமைதியாகத் தூரப் பயணம் போக விரும்புபவர் ஹைட்ரோலிக் டப்பெட்டைக் கொள்ளலாம். ஆனால் எண்ணெயைச் சுத்தமாக வைத்திருத்தல் வேண்டும். வேகத்தை விரும்பி, வேலைக்கும் அஞ்சாதவர் திண்மத்தைக் கொள்ளலாம். எதைத் தெரிந்தாலும் கேம் தண்டு அவ்வகைக்கே உரியதாக இருத்தல் வேண்டும். தேய்ந்த கேம் தண்டில் புது டப்பெட் வைப்பது வீண் செலவு. பழைய டப்பெட்டுகளைத் திரும்பப் பூட்டுவதாயின் ஒவ்வொன்றும் தான் முன்பு இருந்த இடத்துக்கே போதல் வேண்டும். எண்ணெயிலும் கவனம் தேவை: 2004இல் வந்த தரவிதி முதலாகப் பல எஞ்சின் எண்ணெய்களில், தட்டை டப்பெட்டைத் தேய்வினின்று காக்கும் நாக, பொசுபரசுச் சேர்மம் குறைக்கப்பட்டுள்ளது. பழைய எஞ்சினுக்கென விற்கப்படும் எண்ணெயைக் கேட்டு வாங்குதல் நன்று.

இனி நண்பரின் வண்டிக்கு வருவோம். மொறிஸ் மைனர் எஞ்சினில் டப்பெட்டுக்கு அழுத்தத்துடன் எண்ணெய் செல்லும் வழியே அமைக்கப்படவில்லை. எனவே அவர் ஆசை நிறைவேறாது என்றோம். அவர் முகம் வாடிற்று. பிறகுதான் ஒரு செய்தியைச் சொன்னார்: சென்ற வருடம் ஒரு கராச்சில் இடைவெளியை இறுக்கிச் சத்தத்தை அடக்கினார்களாம், அதன் பின்னரே வண்டி மேட்டில் ஏறத் திணறிற்றாம். பிரித்துப் பார்த்தபோது, புகை வெளியேற்றும் வால்வு ஒன்றின் விளிம்பு எரிந்து கிடந்தது. அந்த வால்வு தனது வெப்பத்தை, மூடியிருக்கும் வேளையில், தான் அமரும் இருக்கையின் வழியாகவே கழிக்கின்றது. இடைவெளி போய்விட்டால் அது முழுதாக மூடாது. வெப்பம் கழியாமல் எரிகின்றது. தந்தையார் காலத்தில் சத்தமிட்டுக்கொண்டே நன்றாக ஓடிய எஞ்சின், சத்தத்தை அடக்கிய பிறகே கெட்டது.

புது வால்வு பூட்டியாயிற்று. இடைவெளி வைக்கும் வேலையை நண்பரின் மகளே செய்தாள். எட்டு வால்வுகளுள், எதைச் சரிசெய்ய வேண்டுமோ அதன் எண்ணை 9இலிருந்து கழித்து, வரும் எண்ணுக்குரிய வால்வு முழுதும் திறக்கும்வரை எஞ்சினைக் கையாற் சுழற்ற வேண்டும். முதலாவதற்கு எட்டாவது, மூன்றாவதற்கு ஆறாவது. அளவுத் தகடு இலேசாக உரசிச் செல்ல வேண்டும். இறுகவும் கூடாது, தளரவும் கூடாது. பள்ளிக் கணக்கை விட இஃது எளிது என்றாள் பிள்ளை.

எஞ்சினை முடுக்கியதும் 'டிக், டிக்' என்ற ஓசை மீண்டும் கேட்டது. நண்பர் இம்முறை தலையிடி என்று சொல்லவில்லை. அப்பாவின் வண்டிச் சத்தம் இதுதான் என்றார்.