பின்னதிர்வுகள் வரைந்த கோடு

2023 பிப்ரவரி 6 அதிகாலை தென் துருக்கியில் 7.8 அளவில் பூமி குலுங்கியபோது, அது அம்மக்களின் பாவத்திற்கான தண்டனை என்று நம்மில் சிலர் தீர்ப்பளித்தனர். இடிபாட்டில் இறப்போரை ஷஹீதுகளின் வரிசையில் நபி (ஸல்) அவர்கள் சேர்த்திருக்க, அவர்களின் கணக்கைப் பார்க்க நாம் யார்?

பூமி காட்டியது வேறு. ஆயிரக்கணக்கான பின்னதிர்வுகளின் இடத்தையும் ஆழத்தையும் குறிக்கக் குறிக்க, மண்ணுக்குள் மறைந்திருந்த பிளவின் போக்கும் சாய்வும் தெளிந்தன. உடைவு ஒரு கிளைப்பிளவில் தொடங்கி, கிழக்கு அனத்தோலியப் பெரும்பிளவை எட்டி, 300 கிலோமீட்டருக்கும் மேல் ஓடியிருந்தது. இருபுறத்து நிலமும் எதிரெதிராகப் பல மீட்டர் நகர்ந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. ஏறத்தாழ ஒன்பது மணி நேரத்தில் வந்த 7.5 அதிர்வோ, வடக்கே வேறொரு பிளவினுடையது.

பெரும்பிளவு அங்கிருப்பது முன்பே அறியப்பட்டதுதான். அதனருகே விதிமீறி எழுப்பிய அடுக்குமாடிகளைப் பற்றி, நான் கேட்ட ஜும்ஆ உரை எதிலும் ஒரு சொல் இல்லை.