உப்பு வயலுக்கு வந்த நெல்லைத் தடுக்காதீர்கள்

மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்களை 2025 மே 4 அன்று மத்திய வேளாண் அமைச்சர் அறிவித்தார். ‘திரும்பப் பெறு’ என்று அன்று எழுந்த கூச்சல் இன்னும் ஓயவில்லை. எதை எதிர்க்கிறோம் என்று தெரிந்துகொண்டாவது எதிர்க்க வேண்டாமா?

அவற்றில் ஒன்றான ‘பூசா டிஎஸ்டி ரைஸ் 1’ வேறெதுவுமல்ல, எம்டியூ 1010 நெல்தான். அயல் மரபணு எதுவும் அதில் இல்லை. டிஎஸ்டி என்ற சொந்த மரபணு ஒன்று முடக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. அது இயங்கும்வரை இலைத்துளைகளின் காவல் செல்களில் உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு சிதைக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். முடக்கினால் பெராக்சைடு தேங்குகிறது. அந்தத் தேக்கம்தான் சமிக்ஞை: இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன, நீரிழப்பு குறைகிறது, வறட்சியையும் உப்பையும் பயிர் தாங்குகிறது. சீன விஞ்ஞானிகள் 2009-லேயே இதை விளக்கிவிட்டார்கள். சம்பா மசூரியிலிருந்து வந்த மற்றொரு ரகமான ‘கமலா’வில் பெருகுவது சைட்டோகைனின் என்ற ஹார்மோன். டிஎஸ்டி, சைட்டோகைனின் இரண்டுமே எல்லா நெற்பயிரிலும் ஏற்கெனவே இருப்பவை.

வெள்ளத்தைத் தாங்கும் ஸ்வர்ணா சப்-1 நெல்லை நினைத்துப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய பயிரில் எத்திலீன் சேரும். அதன் தூண்டுதலில் தண்டு நீண்டு, சேமித்த மாவுச்சத்தையெல்லாம் கரைத்துவிட்டுச் செத்துப்போகும். ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர் 13ஏ மட்டும் வளராமல் அடங்கிக் கிடந்து, இரண்டு வாரம் கழித்தும் துளிர்க்கும். அதற்குக் காரணமான சப்-1ஏ மரபணு 2006-இல் அடையாளம் காணப்பட்டது. கலப்பின் மூலம் அதை ஏற்ற ஸ்வர்ணா சப்-1, 2009-இல் இந்திய வயலுக்கு வந்தது. நம் சிஆர் 1009-க்கும் அந்தக் குணம் பிறகு ஏற்றப்பட்டது. கலப்பு செய்யும்போது வேண்டிய மரபணுவோடு அதன் அக்கம்பக்கத்துத் துண்டும் சேர்ந்தே வரும். அதை எதிர்த்து எந்த ஊரில் ஊர்வலம் போனது? ஒரு துண்டே வந்தபோது வராத அச்சம், ஒரு மரபணுவை நிறுத்தும்போது மட்டும் ஏன் வருகிறது?

களச் சோதனைத் தரவில் முரண் என்கிறார்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் முழுத் தரவையும் வெளியிடட்டும். நானும் அதைக் கேட்கிறேன். தொழில்நுட்பக் காப்புரிமை அயல்நாட்டாரிடம் இருக்கிறது என்கிறார்கள். அது அரசு பேசித் தீர்க்க வேண்டியது. இவற்றைச் சாக்காக்கி விதையையே முடக்கச் சொல்பவர்கள் உழவர் பெயரைப் பயன்படுத்தக் கூடாது. உப்புப் பூத்த வயலில் நாற்று கருகுவதைப் பார்த்து நிற்பது அவர்களல்ல.

கடலோர உவர் நிலத்தில் பூசா டிஎஸ்டியின் விளைச்சல் சுமார் 30 விழுக்காடு கூடும் என்கிறது கழகம். அதில் பாதி கிடைத்தாலும் வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்குப் பெரும் லாபம். பரிந்துரைக்கப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் இருக்கிறது. குழு போட்டுக் காலம் கடத்தாமல், வரும் பருவத்துக்கே வேளாண் விரிவாக்க மையங்களில் இந்த விதையை மாநில அரசு இருப்பு வைக்க வேண்டும்.