பழுது வண்டியில், பழி டிரைவர் மீதா?

'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பது பழமொழி. ஆனால் அச்சாணி தேய்ந்துபோன வண்டிகள் பல மைல் ஓடத்தான் செய்கின்றன. ஓடும் வரை எவரும் கேட்பதில்லை. ஒரு நாள் கவிழ்ந்துவிட்டால் முதலில் எழும் கேள்வி, 'ஓட்டியது யார்?' என்பதுதான். 'வண்டி எந்த நிலையில் இருந்தது?' என்று எவரேனும் கேட்பதற்குள் டிரைவர் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருப்பார்.

கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் போன்ற கரும்பு மாவட்டங்களில் அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் சாலையில் இரவும் பகலும் கரும்பு வண்டிகள்தான். இறக்கத்தில் டிரெய்லர் டிராக்டரை நெட்டித் தள்ளிக் கவிழ்கிறது. மேட்டில் ஏறும்போது கொக்கி கழன்று டிரெய்லர் பின்னோக்கி உருள்கிறது. டயர் வெடித்து இருட்டில் நின்ற வண்டியின் பின்னால் மோட்டார் சைக்கிள் வந்து மோதுகிறது. இவை எல்லாமே 'டிரைவரின் அஜாக்கிரதை' என்ற இரண்டே சொற்களில் முடிக்கப்படுகின்றன.

இது லாரிக்காரர்களின் பிரச்சினை, விவசாயிக்கு என்ன என்று ஒதுக்கிவிட முடியாது. சிறு விவசாயி இதில் மூன்று வகையில் சம்பந்தப்பட்டிருக்கிறார். வண்டியில் இருப்பது அவருடைய கரும்பு. சில வேளைகளில் டிராக்டரும் டிரெய்லரும் அவருடையவை. பல வேளைகளில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர், இரண்டு ஏக்கர் நிலம் போதாமல் கூலிக்கு வண்டி ஓட்டப்போன அவருடைய மகன்.

இயந்திரம் செய்யும் தவறு

நடுத்தர டிராக்டர் ஒன்றின் எடை ஏறத்தாழ இரண்டு டன். அதன் பின்னால் மாட்டப்படும் டிரெய்லரில் எட்டு, பத்து டன் கரும்பு ஏற்றப்படுகிறது. விவசாய டிரெய்லர்கள் பலவற்றில் தனி பிரேக் கிடையாது. அத்தனை பாரத்தையும் நிறுத்துவது டிராக்டரின் பின் சக்கரங்களில் உள்ள பிரேக் மட்டுமே. சமதரையில் மெதுவாகப் போகும்போது இது தெரியாது. இறக்கத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்ததும் டிராக்டர் நிற்க முயலும், டிரெய்லர் நிற்காது. அது முன்னே தள்ள, இரண்டும் மடங்கிக் கவிழும். வேகம் இரு மடங்கானால் வண்டியை நிறுத்த வேண்டிய தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

டிராக்டருக்கு இடம், வலம் என இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. வயலில் குறுகலாகத் திரும்புவதற்காக அவை தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன. சாலையில் போகும்போது இரண்டையும் தாழிட்டு ஒன்றாக இணைத்துவிட வேண்டும். அந்தத் தாழ் உடைந்திருந்தாலோ, இரு பிரேக்குகளும் சமமாக முடுக்கப்படாமல் இருந்தாலோ, மிதித்தவுடன் டிராக்டர் ஒரு பக்கமாக இழுக்கும். ஆயில் சீல் கசிந்து ஒரு பக்கத்து லைனிங்கில் எண்ணெய் படிந்திருந்தாலும் அப்படியே. எதிரில் வந்தவர் கண்ணுக்கு, 'டிரைவர் திடீரென்று திருப்பிவிட்டார்' என்றுதான் தெரியும். அவர் திருப்பவே இல்லை, பிரேக்தான் இழுத்தது.

அடுத்தது டிரெய்லரை மாட்டும் பின். டிராக்டருக்கென்று செய்த கெட்டியான பின் தொலைந்துபோனால், பட்டறையில் கிடக்கும் ஏதேனும் ஒரு இரும்புக் கம்பியைச் செருகிக்கொண்டு புறப்படுவது வழக்கமாகிவிட்டது. கொக்கியின் துளை தேய்ந்து அகன்றிருக்கும். பின் மேலே எழும்பாமல் தடுக்கும் பூட்டு ஊசியும் இருக்காது. குழியில் ஏறி இறங்கும்போது பின் துள்ளி வெளியே வந்துவிடுகிறது. காப்புச் சங்கிலி ஒன்று மாட்டியிருந்தால், அப்போதும் டிரெய்லர் தனியே ஓடிவிடாது. அந்தச் சங்கிலியின் விலை, கரும்பு ஒரு டன்னுக்குக் கிடைக்கும் பணத்தைவிடக் குறைவு.

பாரத்தை ஏற்றும் முறையிலும் ஆபத்து உண்டு. இரண்டு சக்கர டிரெய்லரில் முன்பக்கம் அதிகமாக அடுக்கினால் கொக்கியின் மீது எடை அழுத்தி, டிராக்டரின் முன் சக்கரங்கள் தரையில் பதியாமல் லேசாகிவிடும். பிறகு ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி திரும்பாது. பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்புத் தோகை, சிவப்பு விளக்கு இருந்தால்கூட அதை மறைத்துவிடும். மார்கழி, தை மாதத்து விடியற்காலைப் பனியில், விளக்கும் பிரதிபலிப்பானும் இல்லாத டிரெய்லர் பின்னால் வருபவருக்குத் தெரிவதே இல்லை. தெரியும்போது பிரேக் பிடிக்க நேரம் இருப்பதில்லை.

லாரிகளின் கதையும் இதுவே. காற்று பிரேக் உள்ள லாரியில், காற்றுத் தொட்டியில் சேரும் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். குழாய்களில் கசிவு இருக்கக்கூடாது. பிரேக் ஷூ தேயத் தேய முடுக்க வேண்டும். இவற்றைத் தள்ளிப்போட்டால், பாரத்துடன் இறங்கும் லாரி மிதித்த இடத்தில் நிற்காது.

டிரைவர் மறுக்க முடியுமா?

'பிரேக் சரியில்லை என்று தெரிந்தும் ஏன் ஓட்டினார்?' என்று கேட்பது எளிது. புது லைனிங் வாங்கும் பணம் டிரைவரிடம் இல்லை. வண்டியை ஒரு நாள் பட்டறையில் நிறுத்தும் அதிகாரமும் அவரிடம் இல்லை. நடைக்கு இத்தனை, டன்னுக்கு இத்தனை என்று கூலி பேசியிருக்கும்போது, வண்டி நின்றால் அவர் அடுப்பும் நின்றுவிடும். 'இந்த நடை போய் வா, சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். மறுத்தால் வேறு ஆள் தயாராக இருப்பார்.

இதில் விவசாயிக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்கக்கூடாது. வெட்டிய கரும்பை 24 மணி நேரத்திற்குள் ஆலைக்கு அனுப்ப வேண்டும், தாமதித்தால் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும் என்பது சரியான அறிவுரைதான். ஆனால் வெட்டு உத்தரவு தாமதமாகி, ஆட்கள் தாமதமாக வந்து, இழந்த நேரம் அத்தனையையும் சாலையில் ஈடுகட்டச் சொல்லி டிரைவரை விரட்டுவது முறையாகாது. 'இன்னும் நாலு கட்டு ஏற்று, இன்னொரு நடைக்கு வாடகை கொடுக்க முடியாது' என்று சொல்வதும் அப்படியே. மிச்சமாவது சில நூறு ரூபாய். பணயம் வைப்பது ஓர் உயிர்.

கதிரடிக்கும் இயந்திரம் தந்த பாடம்

இப்படி ஆளைக் குறைகூறி இயந்திரத்தை விட்டுவிட்ட கதை வேளாண்மைக்குப் புதிதல்ல. 1970-களில் பஞ்சாப், ஹரியாணா, உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் கோதுமைக் கதிரடிக்கும் இயந்திரங்கள் பெருகின. பயிரை உள்ளே தள்ளும் தொழிலாளர்கள் பலர் விரல்களையும் கைகளையும் இழந்தனர். தூக்கம், போதை, கவனமின்மை என்று பழி தொழிலாளர்கள் மீதே விழுந்தது. இயந்திரத்தை உற்றுப் பார்த்தபோது வேறு உண்மை வெளிப்பட்டது. பயிரைத் தள்ளும் வாய் குட்டையாகவும் திறந்தும் இருந்தது. கை சற்று நழுவினால் சுழலும் உருளையில்தான் போய் விழும்.

1979-இல் இந்தியத் தர நிர்ணயம் இதற்கென விதி வகுத்தது. உள்ளே தள்ளும் வாய் குறைந்தது 90 செ.மீ. நீளம் இருக்க வேண்டும், அதில் 45 செ.மீ. மூடியிருக்க வேண்டும் என்றது. அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது. செய்பவர், விற்பவர், வைத்திருப்பவர் எல்லோருக்கும் அது பொறுப்பு வைத்தது. களைத்துப்போன மனிதன் எப்போதாவது தவறுவான். அந்த ஒரு தவறுக்கு அவன் கையை விலையாகக் கேட்காதபடி இயந்திரம் இருக்க வேண்டும் என்பதே அதன் பாடம். சாலையில் ஓடும் டிரெய்லருக்கும் இதே நியாயம் பொருந்தும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் உரிமையாளரை விட்டுவிடவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு, ஆபத்து விளைவிக்கும் பழுதுள்ள வண்டியையோ டிரெய்லரையோ ஓட்டுபவரை மட்டுமல்ல, ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் குற்றவாளி என்கிறது. பழுது தெரியாது என்று சொல்லித் தப்பவும் முடியாது. சாதாரணக் கவனத்துடன் பார்த்தால் தெரிந்திருக்கக்கூடிய பழுது என்றாலே போதும். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதற்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அங்கும் 'ஓட்டச் செய்பவர்' என்ற சொல் இருக்கிறது. விபத்தில் சிக்கிய வண்டியை ஆய்வு செய்ய 136-ஆவது பிரிவு வழி வைத்துள்ளது.

ஆனால் நடைமுறையில் டிரைவர் மீதான வழக்கே முன்னால் நிற்கிறது. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் அது ஐந்து ஆண்டு வரை ஆகியுள்ளது. விபத்துக்குப் பின் தகவல் தராமல் ஓடிவிடும் டிரைவருக்குப் பத்து ஆண்டு வரை சிறை என்ற 106(2) பிரிவை எதிர்த்து, 2024 ஜனவரியில் நாட்டின் பல பகுதிகளில் லாரி டிரைவர்கள் வேலையை நிறுத்தினார்கள். மற்ற பிரிவுகள் அமலான அன்று அந்தப் பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. தண்டனை கூடக் கூட, குற்றம் யாருடையது என்று பார்க்கும் கண்ணும் கூர்மையாக வேண்டும். விபத்து வண்டியின் ஆய்வு ஒரு சடங்காக முடிந்துவிடக்கூடாது. பிரேக், கொக்கி, டயர், விளக்கு ஒவ்வொன்றின் நிலையும் பதிவாக வேண்டும். பழுது இருந்தால் உரிமையாளர் மீதும் வழக்குப் பதிவாக வேண்டும்.

எப்.சி. இருக்கிறதே என்பது போதிய பதிலாகாது. அது அன்றைய ஒரு நாள் நிலைக்குச் சான்று. எப்.சி. காட்டும் நாளுக்கு மட்டும் நல்ல டயரை மாட்டி, மறுநாள் கழற்றிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு என்பது ஊரறிந்த விஷயம்.

டிரைவர்கள் எல்லோரும் குற்றமற்றவர்கள் என்பதல்ல இதன் பொருள். குடித்துவிட்டு ஓட்டுவதும், செல்போனில் பேசிக்கொண்டு ஓட்டுவதும், பின்னால் வரும் ஒலி கேட்காதபடி பாட்டுப் பெட்டியை அலறவிடுவதும், கரும்புப் பாரத்தின் மேல் ஆட்களை ஏற்றுவதும் கண்டிக்கத்தக்கவையே. அவருடைய தவறுக்கு அவர் பதில் சொல்லட்டும். மற்றவர் பழுதுக்கும் சேர்த்து அவரே பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் அநியாயம்.

செய்ய வேண்டியவை

வண்டி வைத்திருப்பவர்களும் வாடகைக்கு அமர்த்துபவர்களும் பாரம் ஏற்றுமுன் பத்து நிமிடம் ஒதுக்கிக் கீழ்க்கண்டவற்றைப் பார்க்க வேண்டும்.

1. இரண்டு பிரேக் மிதிகளும் தாழிடப்பட்டுள்ளனவா? மெதுவாக ஓட்டி மிதித்தால் வண்டி நேராக நிற்கிறதா?

2. கொக்கியில் உரிய பின், பூட்டு ஊசி, காப்புச் சங்கிலி மூன்றும் உள்ளனவா?

3. டயர்களில் பிளவோ வீக்கமோ உண்டா? சக்கர நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா?

4. பின்பக்கம் சிவப்பு விளக்கு எரிகிறதா? சிவப்புப் பிரதிபலிப்பான் அல்லது ஒளிரும் பட்டை ஒட்டப்பட்டு, தோகை மறைக்காமல் இருக்கிறதா?

5. பாரம் முன்னும் பின்னும் சமமாக அடுக்கப்பட்டு, கயிற்றால் இறுகக் கட்டப்பட்டுள்ளதா?

6. டிராக்டர், டிரெய்லர் இரண்டுக்கும் காப்பீடு உண்டா? சொந்த விவசாயத்துக்கென்று காப்பீடு செய்த டிராக்டரை வாடகைக்கு ஓட்டினால், விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் ஆட்சேபிக்க இடமுண்டு. அப்போது இழப்பீட்டுச் சுமை உரிமையாளரின் நிலத்தின் மீது வந்து விழும்.

இவற்றுடன், வண்டிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். டிரைவர் கண்ட பழுதைத் தேதியிட்டு எழுத வேண்டும். உரிமையாளர் அதில் கையெழுத்திட்டு, சரிசெய்த நாளையும் குறிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வீட்டுப் பள்ளிப்பிள்ளை எழுதித் தரலாம். ஒழுங்கான உரிமையாளருக்கு அந்த நோட்டு பாதுகாப்பு. சொல்லியும் கேட்கப்படாத டிரைவருக்கு அதுவே சாட்சி.

சர்க்கரை ஆலைகளுக்கும் இதில் கடமை உண்டு. கரும்பு வண்டிகள் ஆலை வளாகத்தில் எடை மேடைக்காக மணிக்கணக்கில் காத்து நிற்கின்றன. அந்த நேரத்தில் ஒரு மெக்கானிக்கை வைத்து பிரேக்கையும் கொக்கியையும் விளக்கையும் பார்த்துவிடலாம். பழுதுள்ள வண்டிக்கு அடுத்த நடை கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால், 'சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சு தானாக நின்றுவிடும். கரும்பு விவசாயிகள் சங்கங்கள் விலையைப் பற்றிப் பேசப் போகும்போது இதையும் ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டும்.

உழவுக்குப் போகும் முன் மாட்டின் குளம்பையும் கழுத்தையும் தடவிப் பார்த்தவர்கள் இந்த மண்ணின் விவசாயிகள். புண்பட்ட மாட்டை ஏரில் பூட்டிவிட்டு, உழவு கோணினால் உழுதவனை ஏசுவதில்லை. மாட்டுக்குக் காட்டிய அந்தக் கவனத்தை இரும்புக்கும் காட்டினால், கரும்பு ஆலைக்குப் போய்ச் சேரும். ஓட்டிப் போன பிள்ளையும் வீடு வந்து சேர்வான்.