பலகை காயட்டும்



இம்முறை நமது குசினியில் கிடக்கும் ஒரு சிறிய பொருளைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். மீனும் மரக்கறியும் வெட்டும் பலகைதான் அது.

சம்பூரைச் சேர்ந்த அக்கா ஒருவர் 2006இல் இடம்பெயர்ந்து, பல வருடங்கள் முகாமில் இருந்து, 2016இல் சொந்தக் காணிக்குத் திரும்பியவர். கணவர் இல்லை. மதியச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கொடுத்தே இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். ஒருநாள் நான் போனபோது அவருடைய முகம் வாடியிருந்தது.

"மிஸ், சம்பலில மீன் வெடுக்கு அடிக்குதாம். எட்டுப் பார்சலை நிப்பாட்டிப் போட்டினம்" என்றார்.

கிணற்றடியில் அவரது பலகை ஈரத்தோடு படுத்துக் கிடந்தது. முகாமில் கிடைத்த பெட்டிப் பலகை. நடுவில் வெடித்து, வெடிப்புக்குள் கறுத்திருந்தது. மீனும் வெங்காயமும் அதிலேதான்.

"பிளாஸ்டிக் ஒன்று வாங்குங்கோ அக்கா" என்றேன். அது நான் அவசரப்பட்டுச் சொன்ன புத்தி. 1990களில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் என்பவரும் அவரது குழுவினரும் இதை ஆராய்ந்தார்கள். மரம் கிருமிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அங்கே அவை பெருகாமல் மெல்ல மெல்ல இறக்கின்றன. புதிய பிளாஸ்டிக்கைக் கழுவுவது இலகு. ஆனால் கத்திக் கீறல்கள் விழுந்த பிளாஸ்டிக்கைக் கையால் கழுவிச் சுத்தமாக்குவது கடினம் என்று அவர்கள் கண்டார்கள். ஆகவே பிழை மரத்தில் இல்லை, காயாத ஈரத்தில்தான் இருந்தது.

நான் படித்தது சமூகவியல். மரத்தைப் பற்றித் தச்சுவேலை செய்யும் ஐயா ஒருவரிடம்தான் கேட்டறிந்தேன். புளி, வேம்பு போன்ற வைரமுள்ள மரம் நல்லது. இறைச்சிக்கடைக் குற்றிக்குப் புளியை விரும்புவது அதனால்தான். பலாவும் உதவும், ஆனால் முதலில் மஞ்சள் சாயம் கழரும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது. கணுவும் வெடிப்பும் இல்லாமல், ஒன்றரை அங்குலத் தடிப்பில், நன்றாகக் காய்ந்த ஒரே துண்டாகக் கேளுங்கள். பச்சை மரம் பிறகு வளையும்.

துறைமுகப் பக்கம் கப்பல் சாமான் வந்த பெட்டிப் பலகைகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் கதிர் போன்ற ஒரு முத்திரை இருக்கும். பக்கத்தில் 'எச்.ரி.' என்றிருந்தால் பூச்சி சாகச் சூடாக்கிய மரம், 'எம்.பி.' என்றிருந்தால் மெதைல் புரோமைட்டு என்ற நச்சுவாயு அடித்த மரம். எதுவானாலும் அதன்மேல் முன்பு என்ன சிந்தியது என்று நமக்குத் தெரியாது. சாப்பாட்டுக்கு அது வேண்டாம்.

இனிப் பராமரிப்பு:

இரண்டு பலகை வைத்திருங்கள். ஒன்று மீன், இறைச்சிக்கு. மற்றது மரக்கறி, வெங்காயத்துக்கு. மாறிப் போகாமலிருக்க மீன் பலகையின் மூலையில் ஒரு வெட்டுப் போடுங்கள்.

மீன் வெட்டுமுன் பலகையைத் தண்ணீரில் நனைத்தால் மீன்நீர் அதிகம் ஊறாது. வேலை முடிந்ததும் கத்தி முதுகால் வழித்து, சுடுநீரும் சவர்க்காரமும் போட்டு இருபுறமும் கழுவுங்கள். ஒருபுறம் மட்டும் நனைந்தால் பலகை வளையும். தண்ணீரில் ஊறப் போடாதீர்கள்.

பிறகு நிமிர்த்தி, காற்றுப்படும் நிழலில் வையுங்கள். கடும் வெயில் வெடிக்கச் செய்யும். வெடுக்கு நிற்காவிட்டால் உப்புப் போட்டுத் தேசிக்காய்ப் பாதியால் தேயுங்கள்.

மாதம் ஒருமுறை, காய்ந்த பலகையில் மருந்துக்கடையில் விற்கும் லிக்விட் பரஃபினைத் தடவி, மறுநாள் துடையுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் சிக்கு நாற்றம் எடுக்கும். கீறல் ஆழமானால் தச்சரிடம் சீவிக்கொள்ளலாம். வெடித்தால் மாற்றிவிடுங்கள்.

அந்த அக்கா இரண்டு வேப்பம் பலகை அறுப்பித்தார். நின்ற எட்டில் ஆறு பார்சல் திரும்பி வந்திருக்கிறது. மற்ற இரண்டும் வரும் என்கிறார். போனமுறை போனபோது பலகைகள் இரண்டும் வேலியோரம் நிமிர்ந்து நின்று காய்ந்துகொண்டிருந்தன.

சகோதரிகளே, இன்றைக்கு வேலை முடிந்ததும் உங்கள் பலகையை ஒருமுறை மணந்து பாருங்கள். கழுவிக் காய வைப்பதற்குக் காசு தேவையில்லை.