ஐம்பத்து மூன்று மணியும் கணினியும்

கோத்தகிரிச் சாலையில் தேயிலைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றுக்குச் சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் போயிருந்தேன். அவ்வீட்டு மகள் கோவைக் கல்லூரியில் கணினி அறிவியல் முதலாண்டு பயில்பவள். தாய் கொழுந்து பறிப்பவர். உள்ளே நுழைந்ததுமே அந்தத் தாய், “சுவாமி, இவள் படிப்பை விட்டுவிடுகிறேன் என்கிறாள், நீங்களாவது சொல்லுங்கள்” என்றார். மகளின் கண்கள் சிவந்திருந்தன. ஆசிரியர் கற்பித்த ‘மடக்கு’ என்னும் பாடம் தனக்கு மட்டுமே விளங்கவில்லை என்பது அவள் துயரம்.

வாசக அன்பர்களுள் இச்சொல்லை அறியாதார் பலர் இருப்பீர்கள். ஒரே வேலையைப் பலமுறை செய்யுமாறு கணினிக்கு ஒருமுறை மட்டும் எழுதிக் கொடுப்பதே மடக்கு. ஆங்கிலத்தில் லூப் என்பர். இது புதிய கருத்துமன்று. சார்லஸ் பாபேஜ் திட்டமிட்டு, கட்டி முடிக்கப்படாமலே போன கணிப்பு இயந்திரத்தைப் பற்றி 1843-இல் அடா லவ்லேஸ் அம்மையார் வெளியிட்ட குறிப்புகளிலேயே, திரும்பத் திரும்ப வரும் சுழற்சியும், சுழற்சிக்குள் அமைந்த சுழற்சியும் பேசப்படுகின்றன.

மடக்கில் இருவகை உண்டு. கூடை நிறையும் வரை கொழுந்து பறிக்கிறோம். எத்தனை கிள்ளு என்று முன்கூட்டி எவரும் எண்ணுவதில்லை. கூடை நிறைந்ததா என்று பார்ப்பதே அங்கே நிபந்தனை. செபமாலையோ அப்படியன்று. பத்து மணி என்றால் பத்தே மணி. முன்னதற்கு ‘வைல்’ என்றும் பின்னதற்குப் பெரும்பாலும் ‘ஃபார்’ என்றும் கணினி மொழிகளில் எழுதுவர். முத்தையா அண்ணாமலை என்பார் உருவாக்கிய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியில் ‘வரை’ என்று தொடங்கி ‘முடி’ என்று முடித்து இதனை எழுதலாம். ஆங்கிலச் சொற்களைக் கண்டு மிரளும் பிள்ளைகளுக்கு முதலில் அதைக் காட்டினால் தவறில்லை என்பது என் எண்ணம்.

மகள் தானாகவே ஒரு பயிற்சி எழுதிப் பார்த்திருந்தாள். செபமாலையில் அருள்நிறை மந்திரம் எத்தனை என்று கணினியே எண்ணிச் சொல்ல வேண்டும். தொடக்கத்து மூன்றும், ஐந்து தேவ இரகசியங்களுக்கு ஐம்பதும் சேர்ந்து ஐம்பத்து மூன்று என்பது நம் வீட்டுச் சிறுவரும் அறிந்ததே. அவளுடைய கணினியோ ஒவ்வொரு முறையும் 13 என்றே காட்டியது!

“எழுதியபடியே வாசி, நான் மணி உருட்டுகிறேன்” என்றார் தாய், சுவரில் தொங்கிய செபமாலையை எடுத்துக்கொண்டு. மகள் வாசித்தாள். தொடக்கத்து மூன்றும் முடிந்தன. பிறகு, மணி என்பதன் மதிப்பு 1. இரகசியங்கள் ஐந்து முடியும் வரை: ஒரு பரலோக மந்திரம், மணி 10-க்கு மிகாதிருக்கும் வரை ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லி, மணியோடு ஒன்று கூட்டு, பின் திரித்துவப் புகழ்.

முதல் இரகசியம் பிழையின்றி நடந்தது. பத்தாவது மந்திரம் முடிந்து ஒன்று கூட்டியதும் மணி 11 ஆயிற்று, உள்மடக்கு நின்றது. (கூட்டும் அந்த வரியை மறந்துவிட்டால் மணி 1-லேயே நின்று, கணினி முடிவின்றி முதல் மணியையே உருட்டிக்கொண்டிருக்கும். 1-க்குப் பதிலாக 0-வில் தொடங்கினால் பதினொன்று வரும். தொடக்கநிலை மாணவர் பெரும்பாலும் தவறுவது இவ்விரண்டு இடங்களில்.)

“இரண்டாம் இரகசியம். பரலோக மந்திரம். மணி பத்துக்கு மிகாமல் இருக்கிறதா?” என்று வாசித்த மகள் சற்றே நின்றாள். “இல்லை அம்மா, பதினொன்று.”

“அப்படியானால் இரண்டாம் இரகசியத்துக்கு அருள்நிறை மந்திரமே கிடையாதா? ஒவ்வோர் இரகசியத்துக்கும் முதல் மணியிலிருந்தல்லவா தொடங்க வேண்டும்?”

பிழை அகப்பட்டுவிட்டது. மணியை 1 ஆக்கும் வரி வெளிமடக்குக்கு வெளியே இருந்தது. அதை உள்ளே, ஒவ்வோர் இரகசியத்தின் தலைப்பிலும் வைக்க வேண்டும். கணினி ஒருபோதும் நம் உள்ளக் கருத்தை ஊகிப்பதில்லை, எழுதியதையே செய்யும். ஆகவே நாமும் எழுதியபடியே கையால் நடத்திப் பார்ப்பதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை.

இத்துறை நம் போன்றோர்க்கு அன்று என்று எண்ணுவோருக்காக ஒரு செய்தி: அமெரிக்காவில் கணினி அறிவியலில் முதன்முதலாக முனைவர் பட்டம் பெற்றோருள் ஒருவர் மேரி கென்னத் கெல்லர் என்னும் கன்னியர். 1965-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற அவர், அயோவாவிலுள்ள கிளார்க் கல்லூரியில் கணினித் துறையைத் தொடங்கி இருபது ஆண்டுகள் நடத்தினார்.

மகள் அந்த ஒரு வரியை இடம் மாற்றினாள். திரையில் 53 என்று வந்தது. தாய் எட்டிப் பார்த்து, “பரலோக மந்திரம் எத்தனை காட்டுகிறது?” என்று கேட்டார். ஐந்து. மூன்று மணிகளுக்கு முன்னே சொல்லும் முதல் பரலோக மந்திரத்தைப் பிள்ளை மறந்திருந்தாள். நான் விடைபெற்றபோது அவள் தலைநிமிராமல் அதைத் திருத்திக்கொண்டிருந்தாள்.