திறப்பு விழாவும் மாதக் கட்டணமும்

சேரமான் பெருமாள் மனமுவந்து அளித்த பெரும்பொருளோடு திரும்பி வந்த சுந்தரரைத் திருமுருகன்பூண்டியின் அருகே வேடர்கள் மறித்து, அத்தனையையும் பறித்துக்கொண்டனர் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. கொடுத்தவர் கொடுத்துவிட்டார், பெறவேண்டியவரும் பெற்றுவிட்டார், ஆயினும் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் பொருள் போய்ச் சேரவில்லை. நம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளின் கணினி அறைகளைக் காணும்போதெல்லாம் இவ்வூரின் இப்பழங்கதை நினைவுக்கு வருகிறது.

கொடுக்கப்படவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் 462 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கும் திட்டம் வந்தது. 2024இல் 22,931 திறன்மிகு வகுப்பறைகளும் 8,209 ஆய்வகங்களும் என அடுத்த திட்டம் தொடங்கியது. நாடா வெட்டப்பட்டது, விளக்கேற்றப்பட்டது, படங்கள் நாளிதழ்களில் வந்தன. நல்லதே. ஆனால் விழாவுக்கு வந்தவர்கள் வீடு திரும்பிய பிறகு, அந்த அறைக்கு மாதந்தோறும் வரும் இணையக் கட்டணத்தைக் கட்டுவது யார்? யு.பி.எஸ். பேட்டரி உயிர்விட்டால் மாற்றுவது யார்? எலி கடித்த ஒயரை இணைப்பது யார்? இக்கேள்விகளுக்கு விடை இல்லாததே இன்றைய அவலத்தின் வேர்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் தம் மகளோடு வந்து நின்றார். மகள் அரசுப் பள்ளியொன்றில் பன்னிரண்டாம் வகுப்பு. தாய் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. "இஸ்கூல்ல பத்து நாளா நெட்டு இல்லீங்க சாமி. நாளைக்குக் கடைசி நாளுங்க" என்றார். நுழைவுத் தேர்வுக்கான விண்ணப்பத்தைப் பள்ளியிலேயே பதிந்து தருவதாகச் சொல்லியிருந்தார்களாம். பள்ளியில் இணைப்பு இல்லை. ஆசிரியை தம் சொந்தக் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டைக் கொண்டு வருகைப்பதிவை மட்டும் எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். அன்று அத்தாய் ஒன்றரை ஷிப்ட் கூலியை இழந்தார். பிரவுசிங் சென்டரில் பணமும் கொடுத்தார். அரசு இலவசமாகத் தந்த கல்விக்கு ஏழை செலுத்திய கட்டணம் இது. எந்த வரவு செலவு அறிக்கையிலும் இது இடம்பெறாது.

இங்கே ஓர் அநீதியை நாம் தெளிவாக உணர வேண்டும். முன்பு பள்ளியில் கணினி ஓடாவிட்டால் கணினிப் பாடம் மட்டுமே தடைப்பட்டது. இன்று நிலைமை வேறு. வருகைப்பதிவு இணையத்தில், மாணவர் விவரமெல்லாம் 'எமிஸ்' தளத்தில், உதவித்தொகை இணையத்தில், மதிப்பீட்டுத் தேர்வு ஆய்வகக் கணினியில், கல்லூரிச் சேர்க்கை இணையத்தில். எல்லாக் கதவுகளையும் அடைத்து ஒரே ஒரு கதவைத் திறந்து வைத்த அரசு, அந்தக் கதவின் கீலுக்கு எண்ணெய் இட மறுப்பது எத்தகைய நியாயம்? கட்டாயம் என்று சொன்னவனுக்கே வழி செய்து தரும் கடமையும் உண்டு. கைபேசியும் விடுதியும் பற்றிய ஃபஹீமா ஷிரின் வழக்கில், இணைய வசதியைப் பெறும் உரிமை கல்வியுரிமையின் பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் 2019இலேயே கூறிவிட்டது. உரிமை என்று ஏற்றுக்கொண்ட ஒன்றைப் பத்து நாள் துண்டித்து வைத்துவிட்டு எவரும் வருத்தம்கூடத் தெரிவிப்பதில்லை.

திருப்பூர்க்காரர்களாகிய நமக்கு இது விளங்காத செய்தி அன்று. 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் இது. நிட்டிங் இயந்திரம் வாங்குகிற முதலாளி அதன் விலையை மட்டுமா கணக்கிடுகிறார்? ஊசி, எண்ணெய், மெக்கானிக் சம்பளம், மின்தடைக்கு ஜெனரேட்டர் என அனைத்தையும் சேர்த்தே கணக்கிடுகிறார். வெளிநாட்டு பையரின் மின்னஞ்சல் ஒருநாள் தடைப்பட்டால் ஆர்டர் கைமாறிவிடும் என்பதால் இரண்டு நிறுவனங்களின் இணைப்பை வைத்துக்கொள்வோரும் உண்டு. பனியனுக்கு உள்ள இந்த முன்யோசனை, பனியன் தைப்பவரின் பிள்ளைக்கு ஏன் இல்லாமற் போயிற்று?

பணமில்லை என்பார்கள். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசு அறுபது பங்கும் மாநில அரசு நாற்பது பங்கும் தரவேண்டும். பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்திலும் புதிய கல்விக் கொள்கையிலும் தமிழகம் உடன்படவில்லை என்பதால் 2024-25க்குரிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு விடுவிக்கவில்லை. 2025 மே மாதத்தில் மாநில அரசு உச்சநீதிமன்றத்தை நாடியது. அதே கல்வியாண்டின் நடுவில், கட்டண நிலுவையால் அரசுப் பள்ளிகளின் இணைய இணைப்புகள் துண்டிக்கப்படும் என்ற செய்தி எழுந்து அரசியல் சச்சரவாயிற்று. ஒருவர் மற்றவரைச் சுட்டினார். மற்றவர் இவரைச் சுட்டினார். கொள்கையை ஏற்காததற்காகக் குழந்தைகளின் பங்கை நிறுத்தி வைப்பது கொடுமை; இதில் ஐயமில்லை. ஆனால் பல நூறு கோடியில் ஆய்வகம் திறக்க முடிந்த மாநில அரசுக்கு, ஒரு பள்ளியின் மாத இணையக் கட்டணத்தைத் தன் சொந்தக் கணக்கில் தனித்தலைப்பாக ஒதுக்கிவைக்க ஏன் இயலாது? தகராறு தீரும்வரை விளக்கை அணைத்துவைப்பது எந்த வீட்டு வழக்கம்?

"கரும்பலகையும் நல்லாசிரியரும் போதாவா?" என்று நம்மில் மூத்தோர் சிலர் கேட்பதுண்டு. நல்லாசிரியருக்கு ஈடு எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இக்கேள்வியைக் கேட்பவர்களுள் எத்தனை பேர் தம் பேரப்பிள்ளைகளைக் கணினி இல்லாத பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள்? பிறர் பிள்ளைக்கு மட்டும் எளிமையை உபதேசிப்பது அறமாகாது. "எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே" என்பது இன்னொரு வாதம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. வீட்டிலிருந்த ஒரே கைபேசி தந்தையோடு வேலைக்குப் போய்விட, மூன்று பிள்ளைகள் மாலைவரை காத்திருந்ததை அந்நாளில் நாமெல்லாம் கண்டோம். அதற்குள்ளாகவா மறந்துவிட்டோம்?

புள்ளிவிவரங்களும் நம்மை மயக்குகின்றன. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கணக்குப்படி, இந்தியாவில் இணைய வசதியுள்ள பள்ளிகள் 2023-24இல் நூற்றுக்கு 53.9, 2024-25இல் 63.5. ஒரே ஆண்டில் இவ்வளவு வளர்ச்சி மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் வசதி இருப்பது வேறு. மாதத்தில் எத்தனை நாள் அது ஓடிற்று என்பது வேறு. சுவரில் பெட்டி தொங்கினால் அதில் விளக்கு எரிகிறதென்று பொருளில்லை.

செய்ய முடியாத காரியமா இது? அண்டைக் கேரளத்தைப் பாருங்கள். 2001இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 2017இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக வளர்ந்தது. 45,000 வகுப்பறைகளைக் கணினிமயமாக்கியபோது, விலை கொடுத்து வாங்க வேண்டாத கட்டற்ற மென்பொருளை நிறுவிச் செலவைக் குறைத்தார்கள். பொருளை விற்றவரே ஐந்தாண்டு பழுதுபார்க்க வேண்டும்; பள்ளியின் புகாரைக் குறித்த காலத்துக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று தண்டம் கட்டவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்களை ஏற்படுத்தி, பிள்ளைகளையே கருவிகளைப் பேணப் பழக்கினார்கள். அவர்கள் கண்டுகொண்டது எளிய உண்மை: கருவி வாங்குவது ஒருநாள் செலவு, அதை ஓடவைப்பது அன்றாடச் செலவு.

நாம் கேட்கவேண்டியவையும் எளியவையே. இணையக் கட்டணமும் பழுதுபார்க்கும் செலவும் ஆண்டுத் தொடக்கத்திலேயே பள்ளிக்குக் கிடைக்க வேண்டும். இணைப்பு எத்தனை நாள் அற்றுப்போயிற்று என்பது ஒவ்வொரு மாதமும் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதப்பட வேண்டும். பள்ளியின் இணைப்பு அறுந்த நாளில் விண்ணப்பத்தின் கடைசி நாள் வந்தால், அக்காலக்கெடு நீட்டிக்கப்பட வேண்டும். இவற்றைக் கேட்கும் இடமும் சட்டத்திலேயே உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் பெற்றோர் கையில் கொடுத்திருக்கிறது. அக்கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்திட்டுத் தேநீர் அருந்தித் திரும்புவோர் பலர். அடுத்த கூட்டத்தில் கணினி அறையின் சாவியைக் கேளுங்கள். இயந்திரங்களைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எரியாததை எண்ணுங்கள், எண்ணியதைத் தீர்மானத்தில் எழுதுங்கள். தம் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்த்தவர்களும் தம்மிடம் வேலை செய்வோரின் பிள்ளைகளுக்காக இதைச் செய்யலாம். ஒரு மணி நேரம் விடுப்பும் கூலியும் தந்து அவர்களைக் கூட்டத்துக்கு அனுப்பலாம்.

பொருளைப் பறிகொடுத்த சுந்தரர் விதியை நொந்துகொண்டு வீடு திரும்பவில்லை. நேரே பூண்டிக் கோயிலுக்குள் சென்று, இப்படிப்பட்ட ஊரில் நீர் எதற்காக இருக்கிறீர் என்று இறைவனையே உரிமையோடு கடிந்து பாடினார் என்றும், பறிபோன பொருளெல்லாம் திரும்பி வந்தது என்றும் அவ்வரலாறு முடிகிறது. பொறுப்பில் இருப்பவரை நோக்கி, எதற்காக இருக்கிறீர் என்று கேட்கும் அந்த உரிமைக் குரல்தான் நம்மிடம் இல்லை. பள்ளிக்கூட வாசலில் அக்குரல் எழாதவரையில், திறப்பு விழாக்கள் தொடரும். கணினி அறையின் பூட்டும் தொடரும்.