வேடர் கேட்பது பிச்சையன்று!

கல்லோயா நீர் பாய்ந்து நமது கல்முனை, சம்மாந்துறை வயல்கள் விளைகின்றன. அந்நீரைத் தேக்கி நிற்கும் சேனாநாயக்க சமுத்திரத்தின் அடியில் கிடப்பது யாருடைய நிலம்? வேடர் வேட்டையாடிய காடன்றோ! 1949-ல் தொடங்கிய அத்திட்டம் அவர்தம் இசைவைக் கேட்டதா?

1983-ல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா வந்தது. தலைமுறை தலைமுறையாகத் தேனெடுத்த காட்டில் வேட்டையாடுதல் குற்றமாயிற்று. பலர் ஹெனானிகலைக்கு அனுப்பப்பட்டனர். தம்பானைத் தலைவர் திசாஹாமி போக மறுத்தார். காட்டைக் காக்கவே இந்த ஏற்பாடு என்பர். காட்டை அழித்தவர் வேடரா?

பழங்குடியினரை இசைவின்றி வெளியேற்றலாகாது என்கிறது ஐ.நா.வின் 2007-ஆம் ஆண்டுப் பிரகடனம். இலங்கையும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. நியூயோர்க்கில் கையுயர்த்திய அரசு தம்பானையில் கைவிரிப்பதேன்? பிரகடனம் மட்டும் நீதிமன்றில் உரிமையாகிவிடாது. நாட்டின் சட்டம் வேண்டும்.

"நமக்கென்ன?" என்போருக்கு ஒரு சொல். வனமென்று எல்லைக்கல் நாட்டப்பட்டுக் காணியிழந்த உழவர் நம்மிடையேயும் உளர். கேளாது பறிக்கும் அதிகாரம் வேடனின் குடிசையோடு நிற்பதில்லை. வாகரைக் கரையில் வாழும் வேடர் பேசுவதும் நமது தமிழே!

ஆகவே கேட்கின்றோம்: காட்டில் வேடர்க்குள்ள உரிமையைச் சட்டமாக்குக! அவர் நீரை உண்டு வாழும் நாம் வாய்மூடியிருத்தல் அறமன்று.